காட்ஃபாதர்: அந்த வீட்டுக்குள் நமக்கும் ஒரு நாற்காலி

ஆங்கிலப் படம் ஓடினால் பேப்பரைத் தூக்கிக்கொண்டு திண்ணைக்குப் போய்விடும் ஆள் என் அப்பா. ஒருமுறை வீட்டில் ‘காட்ஃபாதர்’ ஓடிக்கொண்டிருந்தபோது மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். இருட்டறையில் வழுக்கை விழுந்த ஒருவர் தழுதழுத்த குரலில் ஏதோ முறையிடுகிறார். எதிரே மடியில் பூனையோடு ஒரு பெரியவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். “என்னவாம்?” என்றார் அப்பா. பெண்ணை இரண்டு பையன்கள் அடித்துப் போட்டுவிட்டார்கள், கோர்ட்டில் அவர்களை விட்டுவிட்டார்கள், அதனால் நியாயம் கேட்டு இவரிடம் வந்திருக்கிறார் என்றேன். “அதுக்கு அந்தப் பெரியவர் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்காரு?” இத்தனை வருஷமாக அவர் இந்தப் பக்கம் எட்டியே பார்க்கவில்லையாம், ஒரு காபிக்குக்கூடக் கூப்பிடவில்லையாம், இப்போது காரியம் ஆகவேண்டும் என்றதும் வந்து நிற்கிறாராம் என்றேன். “அதானே!” என்றார் அப்பா.

படம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. பெண்ணைப் பெற்றவர் அழுதுகொண்டிருக்கிறார். அப்பாவோ கொலைக் கும்பலின் தலைவர் பக்கம் சாய்ந்துவிட்டார். அப்பாவும் பெண்ணைப் பெற்றவர்தான்.

1972 மார்ச்சில் வெளியான படம். மரியோ பூசோ 1969-ல் எழுதிய நாவலைப் படமாக்கத் தொடங்கியபோது இயக்குநர் ஃபிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்கு 32 வயதுகூட நிரம்பவில்லை. படத்தின் நீளம் 175 நிமிடம். சிறந்த படம், சிறந்த நடிகர், சிறந்த தழுவல் திரைக்கதை என்று மூன்று ஆஸ்கர். நடிகருக்கான விருதை மார்லன் பிராண்டோ வாங்க மறுத்தது தனிக் கதை. வசூலில் அதுவரை வந்த எல்லாப் படங்களையும் தாண்டியது. 1975-ல் ‘ஜாஸ்’ வந்துதான் அந்த இடத்தைப் பறித்தது. சரி, இதெல்லாம் பதிவேட்டில் இருக்கிற கணக்கு. ஆஸ்கர் வாங்கிய எத்தனையோ படங்களின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை. இந்தப் படத்தை மட்டும் ஐம்பது வருஷம் கழித்தும் ஏன் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள் என்று கேட்டால், நடிப்பு, ஒளிப்பதிவு, இசை என்று வரிசையாகச் சொல்வார்கள். எனக்கு என்னவோ விடை என் அப்பாவின் அந்த ‘அதானே’யில்தான் இருக்கிறது.

அந்தத் தொடக்கக் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். திரை முழுக்கக் கருப்பு. அமெரிக்காவை நம்புவதாக ஒரு குரல் மட்டும் சொல்கிறது. பிறகு பொனசேராவின் முகம் தெரிகிறது. இறந்தவர்களைக் குளிப்பாட்டி, ஒப்பனை செய்து, அடக்கத்துக்குத் தயார் செய்வது அவர் தொழில். கேமரா அவர் முகத்தைவிட்டு மிக மெதுவாகப் பின்னால் வருகிறது. வெட்டே இல்லாமல் கிட்டத்தட்ட மூன்று நிமிடம் அப்படியே போகிறது. கடைசியில் சட்டகத்தின் ஓரத்தில் ஒரு தோளும் கையும் வருகின்றன. அப்போதுதான் உறைக்கிறது: இவ்வளவு நேரமும் டான் விட்டோ கோர்லியோனின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் நாம் இந்த வழக்கைக் கேட்டிருக்கிறோம். அவர் பக்கத்தில் நமக்கும் ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது. அந்தப் பூனை திரைக்கதையில் கிடையாது. ஸ்டுடியோவில் திரிந்துகொண்டிருந்ததைக் கொப்போலா தூக்கிவந்து பிராண்டோ கையில் கொடுத்தார். அது சொகுசில் போட்ட உறுமலில் பிராண்டோவின் வசனமே சரியாகக் கேட்கவில்லையாம்.

அறைக்கு வெளியே டானின் மகள் கானியின் கல்யாணம். 1945, போர் முடிந்த கோடை. வெயில், பாட்டு, ஒயின், ஆடும் கிழவிகள், ஓடும் குழந்தைகள். மாப்பிள்ளை, சம்பந்தி, மூத்தவன் சன்னியின் சேட்டை, இரண்டாமவன் ஃப்ரெடோவின் அசட்டுத்தனம், ராணுவ உடையில் காதலி கேயோடு வந்து ஓர் ஓரமாக உட்காரும் கடைசி மகன் மைக்கேல். இப்படிக் கிட்டத்தட்ட அரைமணி நேரம் ஒரு கும்பல் படம் கல்யாண வீடியோவைப் போல ஓடுகிறது. ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் வெளியே வெயிலை அப்படியே கொட்டவிட்டு, உள்ளே டானின் அறையைக் கிட்டத்தட்ட இருட்டிலேயே விட்டார். விளக்கைத் தலைக்கு நேர் மேலே வைத்ததால் பிராண்டோவின் கண்கள் பல இடங்களில் நிழலுக்குள் புதைந்துபோகின்றன. கண்ணே தெரியாமல் என்ன படம் என்று ஸ்டுடியோக்காரர்கள் கத்தினார்கள். கண் தெரியாததுதான் விஷயம். அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று அவருடைய ஆட்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. அதே நேரத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடக்கிற கொண்டாட்டம் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று. இருட்டறைக்கும் கல்யாணப் பந்தலுக்கும் மாறி மாறிப் போய்வருவதில், இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள் என்பது நமக்குப் பழகிவிடுகிறது.

மகளின் கல்யாணத்தன்று கேட்டுவந்தவர்களை ஒரு சிசிலிக்காரர் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்பது படம் சொல்லும் வழக்கம். அதனால் வரிசையாக ஆட்கள் வருகிறார்கள். ரொட்டிக்கடைக்காரர், தன் கடையில் வேலை செய்யும் என்ஸோவைப் போர் முடிந்ததும் இத்தாலிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களே, மகள் அவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாளே என்று வருகிறார். ஒரு பாடகர் சினிமா வாய்ப்புக்காக வந்து அழுகிறார். எதற்கும் டான் காசு வாங்குவதில்லை. பொனசேரா எவ்வளவு வேண்டும் என்று கேட்டதுதான் அவரை அவமானப்படுத்துகிறது. என்றாவது ஒருநாள் நானும் உன்னிடம் ஒன்று கேட்பேன், கேட்காமலும் போகலாம் என்று சொல்லி அனுப்புகிறார். மொய் எழுதிப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இங்கே நோட்டு மட்டும் கிடையாது. எல்லாம் பெரியவர் தலைக்குள் இருக்கிறது.

திரைக்கதையின் சாமர்த்தியம், இந்தக் கடன்கள் திரும்பி வருகிற இடங்களில் இருக்கிறது. டானைச் சுட்டு ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். காவலுக்கு இருந்தவர்களைப் போலீஸ் விரட்டிவிட்டது. கொல்ல ஆள் வந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கையில் பூங்கொத்தோடு வந்து நிற்பது யார் என்றால் அந்த ரொட்டிக்கடை என்ஸோ. போய்விடு, பிரச்சினை வரப்போகிறது என்று மைக்கேல் சொன்னால், உங்கள் அப்பாவுக்காக இருக்கிறேன் என்கிறான். இரண்டு பேரும் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பைக்குள் துப்பாக்கி இருப்பதுபோலக் கையை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். வந்த கார் தயங்கிவிட்டுப் போய்விடுகிறது. என்ஸோ சிகரெட் பற்றவைக்கப் பார்க்கிறான், கை நடுங்குகிறது. மைக்கேல் லைட்டரை வாங்கிப் பற்றவைத்துவிட்டுத் தன் கையைப் பார்க்கிறான். நடுங்கவில்லை. ஒரு வார்த்தை வசனம் கிடையாது. என்னைக் கேட்டால் படத்தின் மிகச் சிறந்த நொடி இதுதான். தான் யார் என்று அந்தப் பையனுக்கு அங்கேதான் தெரிகிறது. அது நல்ல செய்தியா இல்லையா என்று அவன் முகத்தை வைத்து நம்மால் சொல்ல முடியாது.

பொனசேராவின் கடனும் திரும்புகிறது. கொலை செய்யவோ பிணத்தை மறைக்கவோதான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் பயந்துகொண்டே காத்திருக்கிறார். டான் கேட்பதோ வேறு. சுங்கச்சாவடியில் சல்லடையாகச் சுடப்பட்ட சன்னியின் உடலை, அவன் அம்மா பார்க்கிற மாதிரி சரிசெய்து தர வேண்டும். அவ்வளவுதான். மகளுக்காக வந்து அழுத தகப்பன் முன்னால் இப்போது மகனை இழந்த தகப்பன் நிற்கிறார்.

இப்படியே பேசிக்கொண்டு போனால் இது ஏதோ பெரிய மனிதர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு மாதிரி ஆகிவிடும். அதுதான் படத்தின் வேலையும். மூன்று மணி நேரத்தில் இந்தக் குடும்பத்தின் தொழிலால் கெட்ட ஒரு சாதாரண மனிதரை நினைவுபடுத்திப் பாருங்கள். மாமூல் கட்ட முடியாமல் கடையை மூடியவர், சூதாட்டத்தில் வீட்டை விட்டவர், அந்த வீட்டுப் பிள்ளைகள், ஒருவரும் வருவதில்லை. இவர்கள் கையால் சாகிறவர்கள் பெரும்பாலும் ஒன்று துரோகி, இல்லை எதிரிக் கும்பல், இல்லை லஞ்சம் வாங்கிய போலீஸ். ஒரு பாவமும் அறியாமல் இவர்கள் கையால் செத்தது என்று மனதில் நிற்பது, அந்தப் பாடகருக்கு வாய்ப்பு தர மறுத்த தயாரிப்பாளரை மிரட்டத் தலை வெட்டப்பட்ட பந்தயக் குதிரை ஒன்றுதான். (நாய்த் தீவனத் தொழிற்சாலையிலிருந்து வாங்கிய நிஜக் குதிரைத் தலை அது. இத்தனை மனிதக் கொலைகள் உள்ள படத்துக்கு, குதிரைக்காகத்தான் கோபக் கடிதங்கள் வந்தன என்று கொப்போலா சிரித்திருக்கிறார்.) வெளி உலகமே இல்லாத இந்த வீட்டுக்குள் நம்மைப் பூட்டி வைத்தபின், நியாயம் என்பது உள்ளே இருப்பவர்களுக்குள் யார் மேல் என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. அந்த அளவுகோலில் விட்டோ உயர்ந்தவர்தான்.

விட்டோ போதைப்பொருள் வியாபாரத்தை மறுப்பதைச் சொல்லி அவரை அறம் தெரிந்தவர் என்பார்கள். அந்தக் காட்சியை மறுபடி கேட்டுப் பாருங்கள். கூட்டுச் சேரக் கேட்டு வந்த போதைப்பொருள் வியாபாரி சொலோஸோவிடம் அவர் சொல்லும் காரணம் அறம் கிடையாது. ஒருவன் எதைச் செய்து பிழைக்கிறான் என்பதில் தனக்கு அக்கறை இல்லை என்றே சொல்கிறார். சூதாட்டத்தைக் கண்டுகொள்ளாத அரசியல்வாதிகள், தொழில் போதைப்பொருள் என்று தெரிந்தால் விலகிவிடுவார்கள், அதனால் வேண்டாம். சுத்தமான வியாபாரக் கணக்கு. நாம்தான் அதைப் பெரிய மனசு என்று கேட்டுக்கொள்கிறோம். பிராண்டோ பேசும் தொனி அப்படி. வாய்க்குள் பல் மருத்துவர் செய்த அச்சை வைத்துத் தாடையைத் தொங்கவிட்டு, மூச்சோடு சேர்ந்து வரும் அந்தக் கரகரப்பில், எது சொன்னாலும் அனுபவம் பேசுவதுபோல இருக்கும். அப்போது பிராண்டோவுக்கு 47 வயதுதான் என்றால் நம்பச் சிரமமாக இருக்கும்.

அந்தக் குரலின் மூலம் இன்னும் விசித்திரமானது. பூசோ நியூயார்க்கில் ஏழை இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். உண்மையான கும்பல் தலைவர் எவரையும் அதுவரை தான் சந்தித்ததே இல்லை, நாவலை முழுக்க ஆவணங்களைப் படித்துத்தான் எழுதினேன் என்று பின்னால் ஒப்புக்கொண்டார். கடன் கழுத்தை நெரித்ததால் எழுதிய புத்தகம். டான் வாயைத் திறந்தபோதெல்லாம் தனக்குள் கேட்டது தன் அம்மாவின் குரல் என்றும் சொல்லியிருக்கிறார். கணவன் துணையில்லாமல் பிள்ளைகளைக் கட்டிக்காத்த அம்மா. உலகத்தையே நடுங்கவைத்த காட்ஃபாதரின் உள்ளே இருந்தது, கூடப்பிறந்தவனை விட்டுக்கொடுக்காதே, வெளி ஆளிடம் வீட்டு விஷயத்தைப் பேசாதே, சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்கிற ஓர் ஏழைத் தாய். இதைத் தெரிந்துகொண்டபின் படத்தைப் பார்த்தால், ஏன் அவர் பேச்சு எந்த ஊர் ஆளுக்கும் சொந்த வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கிறது என்பது விளங்கும்.

உண்மையான மாஃபியாவில் ‘குடும்பம்’ என்பது பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். ரத்த உறவு இருக்க வேண்டியதில்லை. சத்தியம் செய்து சேர்ந்த ஆட்களின் கூட்டு அது. அந்தச் சத்தியம் பெற்ற பிள்ளையைவிட, கட்டிய மனைவியைவிட மேலானது என்பதுதான் விதி. 1963-ல் ஜோசப் வலாச்சி என்ற உறுப்பினர் அமெரிக்க செனட் குழுவின் முன்னால், தொலைக்காட்சிக் கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது, இந்த அமைப்பின் உள்விவகாரங்களைச் சொன்னார். பூசோவும் கொப்போலாவும் அந்தப் பெயரளவுக் குடும்பத்தை எடுத்து, ரத்தக் குடும்பமாகவே மாற்றினார்கள். தொழில் விதி எல்லாம் பாச விதியாகிவிட்டது.

அமைப்பின் பிறப்பும் படம் காட்டுவதுபோல மானத்தில் தொடங்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சிசிலியின் பலெர்மோவைச் சுற்றி எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புகள் பெரும் பணம் கொழித்த தொழில். 1861-ல் உருவான புதிய இத்தாலிய அரசின் கை அங்கே சரியாக எட்டவில்லை. கிணற்றுத் தண்ணீரை நிறுத்தினால் தோப்பு காய்ந்துவிடும். ஒரே ராத்திரியில் காயைப் பறித்துக்கொண்டு போய்விடலாம். அதனால் காவல் தேவைப்பட்டது. காவலுக்குக் காசு வாங்கியவனும், காசு தராவிட்டால் தோப்பை அழிக்கிறவனும் ஒரே ஆள். படத்தில் ஆரஞ்சுப் பழம் வந்தால் சாவு வரும் என்று ரசிகர்கள் ஒரு பட்டியலே வைத்திருக்கிறார்கள்: டான் சுடப்படும்போது பழம் வாங்கிக்கொண்டிருக்கிறார், இறக்கும்போது பேரனுக்கு வேடிக்கை காட்ட ஆரஞ்சுத் தோலைப் பல்லில் செருகியிருக்கிறார். இருட்டான காட்சிகளுக்கு ஒரு நிறம் வேண்டும் என்பதற்காக வைத்தது என்றுதான் கலை இயக்குநர் டீன் டவுலாரிஸ் சொன்னார். தெரியாமல் வைத்த பழம் போய்ச் சேர்ந்த இடம் சரியான தோப்புதான்.

கோர்லியோன் என்பது பலெர்மோவுக்குத் தெற்கே இருக்கும் நிஜ ஊர். மைக்கேலாக நடித்த அல் பசினோவின் அம்மா வழி முன்னோர்கள் அங்கிருந்து வந்தவர்கள் என்பது தற்செயல். படப்பிடிப்பு அங்கே நடக்கவில்லை. 40-களின் கிராமமாகக் காட்ட முடியாத அளவுக்கு ஊர் மாறியிருந்ததால் சவோக்கா, ஃபோர்ஸா தக்ரோ என்ற மலைக் கிராமங்களுக்குப் போனார்கள். நிஜக் கோர்லியோனிலிருந்து கிளம்பிய மாஃபியாத் தலைவன் டோட்டோ ரீனாவின் ஆட்கள் 1992 மே 23 அன்று கபாச்சி அருகே நெடுஞ்சாலைக்கு அடியில் குண்டு வைத்து நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயையும் அவர் மனைவியையும் மூன்று காவலர்களையும் கொன்றார்கள். 57 நாள் கழித்து இன்னொரு நீதிபதி பாவ்லோ பொர்செல்லினோ, ஐந்து காவலர்களோடு. அங்கே பூனையும் இல்லை, பெருந்தன்மையும் இல்லை.

மாஃபியா என்ற சொல்லே படத்தில் வராது. ஜோசப் கொலம்போ என்ற நிஜக் கும்பல் தலைவர், இத்தாலிய அமெரிக்கர்களின் உரிமைக்கான இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, படத்துக்கு எதிராகப் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார். தயாரிப்பாளர் ஆல்பர்ட் ரட்டி நேரில் போய்ப் பேசினார். சொல்லை எடுத்துவிடுகிறோம் என்று உடன்பாடு. திரைக்கதையில் அந்தச் சொல் இருந்த இடங்களே மிகக் குறைவு என்பதால் ரட்டிக்கு நஷ்டமில்லை. 1971 ஜூனில், படவேலை நடந்துகொண்டிருந்தபோதே, கொலம்போ தன் இயக்கத்தின் கூட்டத்தில் வைத்துச் சுடப்பட்டார். சொல்லை எடுத்ததில் படத்துக்குக் கிடைத்தது எதிர்பாராத லாபம். பெயர் வைக்காத ஒன்றை நாம் குற்றம் என்று நினைப்பதில்லை. உள்ளே இருப்பவர்களுக்கு அது ‘நம்ம குடும்பம்’, ‘நம்ம தொழில்’. நாமும் அதே சொற்களைத்தான் பழகிக்கொள்கிறோம்.

படம் வெளியானபின் நிஜக் கும்பல்காரர்களும் இவர்களைப் போலவே பேச ஆரம்பித்தார்கள். பின்னாளில் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய சாம்மி கிரவானோ, படம் பார்த்துவிட்டு அரங்கிலிருந்து மிதந்துகொண்டு வெளியே வந்ததாகவும், அது தங்கள் வாழ்க்கை என்றே தோன்றியதாகவும் சொல்லியிருக்கிறார். பூசோவின் அம்மா அவரையும் விட்டுவைக்கவில்லை.

பழைய ஹாலிவுட்டில் இப்படி ஒரு படம் எடுத்திருக்கவே முடியாது. 1934-லிருந்து 1968 வரை அமலில் இருந்த தணிக்கை விதிப்படி குற்றவாளி மேல் அனுதாபம் வரக்கூடாது, கடைசியில் தண்டனை கிடைத்தாக வேண்டும். 30-களின் கும்பல் படங்களில் தனியாளாக மேலேறுகிற ஒருவன் கடைசியில் தெருவில் சுடப்பட்டுச் சாவான். கொப்போலா தெருவை எடுத்துவிட்டு வீட்டை வைத்தார். தண்டனையை எடுத்துவிட்டுப் பதவியேற்பை வைத்தார். காலமும் ஒத்துழைத்தது. வியட்நாம் போர் ஓடிக்கொண்டிருந்தது. படம் வந்த மூன்றாம் மாதம் வாட்டர்கேட் கட்டடத்தில் திருடர்கள் பிடிபட்டார்கள்; பின்னால் ஜனாதிபதி நிக்சனின் பதவியைப் பறித்த விவகாரம் அது. தன் அப்பாவும் அதிகாரத்தில் இருக்கிற மற்றவர்களைப் போலத்தான், ஒரு செனட்டரைப் போல, ஜனாதிபதியைப் போல என்கிறான் மைக்கேல். அவர்கள் ஆள் வைத்துக் கொல்வதில்லையே என்கிறாள் கே. யார் இங்கே அப்பாவி என்று திருப்பிக் கேட்கிறான். 1972-ல் அந்த வரிக்கு அரங்கில் எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

வீடு என்று சொன்னேன். கொப்போலாவுக்கு அது பேச்சுக்குச் சொன்னதல்ல. தங்கை தாலியா ஷையர்தான் கானி. கல்யாண இசையில் அப்பா கார்மைனின் பங்கு இருக்கிறது. ஞானஸ்நானம் பெறும் கைக்குழந்தை, சில வாரங்களே ஆன அவருடைய மகள் சோஃபியா. படப்பிடிப்புக்கு முன்னால் நடிகர்களை ஓர் இத்தாலிய உணவகத்தில் உட்காரவைத்து, பிராண்டோவை மேசைத் தலைமாட்டில் வைத்து, தங்கையைப் பரிமாறச் சொன்னார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவரவர் பாத்திரத்துக்குள் போய்விட்டார்களாம். அடியாள் கிளெமென்சா மைக்கேலுக்குத் தக்காளிக் குழம்பு வைக்கக் கற்றுத்தருகிற காட்சியில் எண்ணெய், பூண்டு, தக்காளி, இறைச்சி உருண்டை, கொஞ்சம் ஒயின், கொஞ்சம் சர்க்கரை என்று வரிசையாக வருகிறது. படம் ஓடாவிட்டாலும் குழம்பு வைக்கவாவது கற்றுக்கொள்ளட்டும் என்று வைத்தாராம். அதே வீட்டில், அதே வாரத்தில், எதிரியை எங்கே வைத்துச் சுடுவது என்ற பேச்சும் நடக்கிறது. குரல்கூட மாறுவதில்லை.

பசினோவை ஸ்டுடியோவுக்குப் பிடிக்கவில்லை. குள்ளம், முகம் தெரியாத ஆள். அவர்கள் மனதில் இருந்தது ராபர்ட் ரெட்ஃபோர்ட், ரயன் ஓ’நீல் மாதிரியானவர்கள். அவரையும் கொப்போலாவையும் சேர்த்தே தூக்கிவிடலாம் என்ற பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்ததுதான், அப்பாவைச் சுடவைத்த சொலோஸோவை மைக்கேல் கொல்லும் பிராங்க்ஸ் உணவகக் காட்சி. சொலோஸோ இத்தாலிய மொழியில் பேசுகிறான். கீழே மொழிபெயர்ப்பு போடவில்லை. நாம் பசினோவின் முகத்தைத் தவிர வேறெதையும் பார்க்க முடியாது. கண்கள் இங்குமங்கும் அலைகின்றன. ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச், திரையில் எங்கும் தெரியாத ரயில் ஒன்றின் சத்தத்தை அங்கே சேர்த்தார். சக்கரம் கிறீச்சிடும் ஓசை ஏறிக்கொண்டே போய், காதைக் கிழிக்கிற கட்டத்தில் துப்பாக்கி வெடிக்கிறது. அந்தச் சத்தம் தெருவில் இல்லை, அவன் மண்டைக்குள் இருக்கிறது. அவன் சுட்டுவிடவேண்டுமே என்று நாம் தவித்துக்கொண்டிருக்கிறோம். அதையும் கவனிக்க வேண்டும்.

படத்தின் கணக்கு முழுசாகத் தீர்வது ஞானஸ்நானக் காட்சியில். தேவாலயத்தில் பாதிரியார் கேட்கிறார், சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று. விட்டுவிடுகிறேன் என்கிறான் மைக்கேல். ஆர்கன் இசை நிற்காமல் ஓட, ஊரெங்கும் எதிரிகள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். நாவலில் தனித்தனியாக இருந்த நிகழ்ச்சிகளை இப்படிப் பின்னியது கொப்போலாவும் படத்தொகுப்பாளர்களும். நியாயப்படி இங்கே நமக்கு வயிற்றைக் கலக்கியிருக்க வேண்டும். எனக்கு முதல்முறை பார்த்தபோது கைதட்டத்தான் தோன்றியது. சில மணி நேரத்தில், அந்தக் குழந்தையின் அப்பனும் கானியின் கணவனுமான கார்லோவும் காரில் கழுத்து நெரிக்கப்பட்டுச் சாகிறான். தங்கையின் தாலியை அறுத்தவன், அவள் பிள்ளைக்கு ஞானத்தகப்பன். தலைப்பின் அர்த்தம் அங்கேதான் கைமாறுகிறது.

தமிழில் இந்தப் படத்தின் சாயல் தேடிப் போனால் இரண்டு இடத்தில் நிற்கவேண்டும். கமல்ஹாசன் எழுதி 1992-ல் வந்த ‘தேவர் மகன்’, படித்த மகன் ஒதுங்கப் பார்த்து, தகப்பன் நாற்காலியிலேயே உட்காரவேண்டி வருகிற கதை. எலும்பு காட்ஃபாதருடையது, சதை முழுக்க நம் மண். 1987-ல் மணிரத்னம் எடுத்த ‘நாயகன்’ எனக்கு இன்னும் சுவாரசியம். பம்பாயின் வரதராஜ முதலியார் வாழ்க்கையின் சாயலோடு, மகனின் பிணத்தைப் பார்த்து அழும் தகப்பன்வரை காட்ஃபாதரின் தடங்கள் இருக்கின்றன. ஆனால் கொப்போலா அடைத்து வைத்த ஒரு ஜன்னலை மணிரத்னம் திறந்துவிட்டார். வேலு நாயக்கர் கொன்ற இன்ஸ்பெக்டரின் மனைவியும், மனவளர்ச்சி குன்றிய அவர் மகனும் படத்தில் வருகிறார்கள். அந்த மகன்தான் கடைசியில் வேலுவைச் சுடுகிறான். சொந்த மகளே எதிரே நின்று கேள்வி கேட்கிறாள். கோர்லியோன் வீட்டில் அப்படிக் கேட்க யாருக்கும் அனுமதி இல்லை.

நேருக்கு நேர் நின்று பதில் கேட்கிற ஆள் கே. அவள் வெளியிலிருந்து வந்தவள். நியூ இங்கிலாந்துப் பெண், புராட்டஸ்டன்ட் குடும்பம். கல்யாணப் பந்தலில் அவளிடம்தான் மைக்கேல் தன் அப்பா ஒரு வாத்தியக் குழுத் தலைவரின் நெற்றியில் துப்பாக்கியை வைக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய கதையைச் சொல்லிவிட்டு, அது என் குடும்பம், நான் அப்படி இல்லை என்கிறான். கடைசிக் காட்சியில் கார்லோவைக் கொன்றது நீதானா என்று அவள் கேட்கிறாள். என் தொழிலைப் பற்றிக் கேட்காதே என்று மேசையில் அறைந்துவிட்டு, சரி, இந்த ஒருமுறை கேள் என்கிறான். கேட்கிறாள். இல்லை என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறான். அவள் நிம்மதியாகச் சிரித்துவிட்டு, குடிக்க ஏதாவது எடுத்து வருகிறேன் என்று அடுத்த அறைக்குப் போகிறாள்.

நாவல் இதற்கு மேலும் போகிறது. கே கத்தோலிக்க மதத்துக்கு மாறி, மாமியாரைப் போலவே தினமும் கோவிலுக்குப் போய்க் கணவனின் ஆன்மாவுக்காக ஜெபம் செய்கிறாள். கோவில் காட்சியையும் கொப்போலா படமாக்கினார்; வெளியிட்ட படத்தில் வைக்கவில்லை. படம் கேயின் முகத்தில் நின்றுவிடுகிறது. கதவு திறந்திருக்கிறது. உள்ளே ஆட்கள் வந்து மைக்கேலைக் கட்டித் தழுவுகிறார்கள். கிளெமென்சா அவன் கையை முத்தமிட்டு டான் கோர்லியோன் என்கிறார். மூன்று மணி நேரமாக அந்த அறைக்குள் உட்கார்ந்திருந்த நாம் இப்போது அவளோடு வெளியே, அடுத்த அறையில் நிற்கிறோம். கதவைச் சாத்த வருகிறவன் அல் நேரி. ஞானஸ்நானத்தன்று போலீஸ் உடையில் நீதிமன்றப் படிக்கட்டில் நின்று எதிரித் தலைவன் பார்ஸினியைச் சுட்டவன். அவன் நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சாத்துகிறான்.